ஃபைபர் இணைப்புக்குத் தனி ரவுட்டர்: மூன்று வருடம் ஓட்டிப் பார்த்ததில்

கீழும் மேலுமாக இரண்டு தளம், தளத்துக்கு 900 சதுர அடி, 9 அங்குலச் செங்கல் சுவர், நடுவில் கான்கிரீட். தமிழ்நாட்டில் ஊருக்கு ஊர் இருக்கிற இந்த மாதிரி வீடு ஒன்றில், ஃபைபர் இணைப்போடு ஏசி1200 வகை ரவுட்டர் ஒன்று மூன்று வருடமாக ஓடிக்கொண்டிருக்கிறது. நான்கு ஆன்டெனா, ஐந்து கிகாபிட் போர்ட், 12 வோல்ட் 1 ஆம்பியர் அடாப்டர், 2,000 ரூபாயைக் கொஞ்சம் தாண்டிய விலை. இந்த விலையில் எந்த கம்பெனி ரவுட்டரை எடுத்தாலும் வசதிகளில் பெரிய வித்தியாசம் கிடையாது. அதனால் இதை ஒரு மாடலுக்கான மதிப்பீடாக எடுத்துக்கொள்ளாமல் இந்த வகைக்கான அனுபவமாகப் படிக்கலாம். இத்தனை நாளில் உறுதியாகத் தெரிந்தது ஒன்று: 'நெட் ஸ்லோ' என்ற புகாரில் ரவுட்டரின் பங்கு குறைவு. லேன் வயர், வைத்த இடம், அடாப்டர், இந்த மூன்றும்தான் வேகத்தைத் தின்கின்றன.

முதலில் பெட்டியில் போட்டிருக்கும் 1200. ரவுட்டரின் இரண்டு ரேடியோ அலைவரிசைகளில் (பேண்டு), 2.4 கிகாஹெர்ட்ஸில் 300, 5 கிகாஹெர்ட்ஸில் 867, இரண்டையும் கூட்டி முழுமையாக்கிய எண் அது. ஒரு போன் ஒரு நேரத்தில் ஒரு பேண்டில்தான் இணையும். 867 என்று காட்டும் இணைப்பில் அதே அறைக்குள் உட்கார்ந்து பார்த்தால் 400 முதல் 500 எம்பிபிஎஸ் கிடைக்கும். ஒற்றை ஆன்டெனா உள்ள மலிவான போனில் இணைப்பே 433தான், கையில் வருவது அதிலும் பாதி. 2.4 பேண்டில், நெருக்கமான தெருவில், 40 கிடைத்தால் நல்ல நாள்.

தனி ரவுட்டர் எல்லோருக்கும் தேவையா? தேவையில்லை. கம்பெனிக்காரர் மாட்டிவிட்டுப் போகும் பெட்டி, அதாவது ஃபைபரில் வரும் ஒளியை நெட் சிக்னலாக மாற்றும் ஓஎன்டி, இரண்டு பேண்டும் உள்ளதாக இருந்து, வீடு ஒரே தளத்தில் இரண்டு படுக்கையறையோடு முடிந்தால் அதுவே போதும். அந்தப் பெட்டி 2.4 மட்டும் கொடுத்தாலோ, கேபிள் நுழைந்த ஜன்னல் ஓரத்திலேயே மாட்டப்பட்டு வீட்டின் மறுகோடிக்குச் சிக்னல் போகவில்லை என்றாலோதான் தனி ரவுட்டர் கொடுத்த காசுக்கு உழைக்கும்.

மாட்டும்போது நடக்கும் முதல் தவறு, ஓஎன்டி ரவுட்டராகவே ஓடிக்கொண்டிருக்க, அதன் பின்னால் இன்னொரு ரவுட்டரை அப்படியே செருகுவது. இரண்டும் 192.168.1.1 என்ற ஒரே முகவரியில் இருந்தால் சில நேரம் இணைப்பே வராது, அல்லது செட்டிங் பக்கத்தைத் திறந்தால் எந்தப் பெட்டியின் பக்கம் வருகிறது என்று தெரியாது. முகவரி வேறாக இருந்தால் நெட் ஓடும். ஆனால் நாட், அதாவது வீட்டுக் கருவிகளின் முகவரிகளை ஒரே வெளி முகவரியாக மாற்றும் வேலை, இரண்டு முறை நடக்கும், ஆன்லைன் விளையாட்டும் சில விபிஎன்களும் தகராறு செய்யும். சரியான வழி ஓஎன்டியை பிரிட்ஜ் ஆக்குவது, அதாவது ரவுட்டர் வேலையை விட்டுவிட்டு சிக்னலை அப்படியே கடத்த வைப்பது. கஸ்டமர் கேரில் சொன்னாலோ லைன்மேனிடம் கேட்டாலோ மாற்றித் தருவார்கள். கேட்கும்போதே மூன்று விஷயத்தை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்: பிபிபிஓஇ (கம்பெனியின் சர்வரில் லாகின் செய்யும் முறை) யூசர்நேம், பாஸ்வேர்ட், விலேன் எண் (கம்பெனி நெட் போக்குவரத்தைப் பிரித்துக் காட்டும் எண்). பிரிட்ஜ் ஆன ஓஎன்டியிலேயே பெரும்பாலும் விலேன் எண் போடப்பட்டிருக்கும். அப்படியானால் ரவுட்டரில் அதை மறுபடி கொடுக்கக் கூடாது. இரண்டு இடத்திலும் கொடுத்துவிட்டு, 'கனெக்டிங்' என்றே காட்டுகிறது என்று மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பது சாதாரணமாக நடக்கிறது.

ஓஎன்டியின் முதல் லேன் போர்ட்டிலிருந்து ரவுட்டரின் 'இன்டர்நெட்' என்று எழுதியிருக்கும், நிறம் மாறியிருக்கும் போர்ட்டுக்கு வயர். மற்ற நான்கும் வீட்டுக் கம்ப்யூட்டருக்கும் டிவிக்கும். யூசர்நேம், பாஸ்வேர்ட் கொடுத்தும் உள்ளே விடவில்லை என்றால், பழைய பெட்டி வழியாகத் திறந்த இணைப்பு சர்வரில் இன்னும் மூடப்படாமல் இருக்கலாம். இரண்டையும் அணைத்துப் பதினைந்து நிமிடம் விட்டுப் போடுங்கள். அப்போதும் வராவிட்டால் பழைய பெட்டியின் மேக் முகவரிக்கு (ஒவ்வொரு கருவிக்கும் உள்ள அடையாள எண்) இணைப்பைக் கட்டிவைத்திருக்கிறார்களா என்று கேட்க வேண்டும். அப்படியானால் அந்த முகவரியை அப்படியே காட்ட ரவுட்டரிலேயே 'மேக் குளோன்' வசதி இருக்கிறது. எம்டியு, அதாவது ஒரு தடவையில் அனுப்பும் பாக்கெட்டின் உச்ச அளவு, 1492 பைட். பிபிபிஓஇ 8 பைட் எடுத்துக்கொள்வதால் 1500இல் அவ்வளவுதான் மிச்சம். இதைத் தப்பாக வைத்தால் சில தளங்கள் மட்டும் பாதியில் நிற்கும், மற்றவை ஓடும். காரணம் கண்டுபிடிக்கக் கஷ்டமான கோளாறு இது. வைஃபையை ரவுட்டரிடம் கொடுத்த பிறகு ஓஎன்டியின் வைஃபையை அணைத்துவிடுங்கள். அதன் பின்புறம் லேண்ட்லைன் போன் இருந்தால் அது வழக்கம்போல வேலை செய்யும், அதற்குத் தனிப் பாதை.

பிரிட்ஜ் செய்ய மறுக்கிறார்கள் என்றால் சண்டை வேண்டாம். ரவுட்டர் வேலையை ஓஎன்டியிடமே விட்டு வைஃபை மட்டும் கொடுக்கும் ஆக்ஸஸ் பாயின்ட் மோடுக்கு ரவுட்டரை மாற்றினால் போதும்.

அடுத்தது 94. 100 எம்பிபிஎஸ் பிளானிலிருந்து 200க்கோ 300க்கோ மாறிய பிறகும் ஸ்பீட் டெஸ்டில் 94, 95க்கு மேல் ஏறவில்லை என்றால் கம்பெனியைத் திட்டுவதற்கு முன் லேன் வயரைப் பாருங்கள். வயருக்குள் எட்டு இழை. 100 எம்பிபிஎஸ்ஸுக்கு அதில் நான்கு போதும், 1, 2, 3, 6 எண் பின்கள். கிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். மற்ற நான்கில் ஒன்று சரியாகக் கவ்வாவிட்டாலும் இரண்டு பெட்டிகளும் பேசி முடித்து 100க்கு இறங்கிக்கொள்ளும். விளக்கு எரியும், நெட் வரும், எந்தத் தப்பும் தெரியாது. தகவலோடு சேர்ந்து போகும் கூடுதல் பைட்கள் போகக் கைக்கு வருவது 94. ரவுட்டரின் ஸ்டேட்டஸ் பக்கத்தில் அந்தப் போர்ட் 1000 என்று காட்டுகிறதா 100 என்று காட்டுகிறதா பார்த்தால் ஒரு நிமிடத்தில் விடை கிடைக்கும். நீங்களே வயர் முனையில் பிளக்கை அழுத்தி மாட்டுவதானால் (கிரிம்ப்) டி568பி என்ற நிற வரிசை: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பிரவுன், பிரவுன். இரண்டு முனையிலும் அதே. ஓஎன்டியின் லேன் போர்ட்டே 100 உள்ளதாக இருந்தால் வயரை மாற்றிப் பயனில்லை, பெட்டியைத்தான் மாற்றித் தரச் சொல்ல வேண்டும். கடையில் கேட்கும்போது கேட் 5இ அல்லது கேட் 6, முழுத் தாமிரம் என்று சொல்லி வாங்குங்கள். அலுமினியத்தின் மேல் தாமிரம் பூசிய வயர் மலிவு, கிரிம்ப் செய்த இடத்தில் ஒரு வருடத்தில் தளர்ந்துவிடுகிறது.

இடம். பீரோவின் மேல் வைக்காதீர்கள். இரும்பும், கண்ணாடியின் பின்னுள்ள ரசப் பூச்சும், தண்ணீர் நிறைந்த டேங்கும் சிக்னலை விழுங்கும் அளவுக்குச் சுவர்கூட விழுங்குவதில்லை. டிவி ஷோகேஸுக்குள் செட்டாப் பாக்ஸ் மேல் வைத்தால் மே மாதச் சூட்டில் அது தானாக ரீஸ்டார்ட் ஆக ஆரம்பிக்கும். தலை உயரத்தில், வீட்டின் நடுச்சுவரில், திறந்தவெளியில் மாட்டுவது நல்லது. ஓஎன்டி ஜன்னலிலேயே இருக்கட்டும். பத்துப் பதினைந்து மீட்டர் லேன் வயரை ஓட்டி ரவுட்டரை நடுவுக்குக் கொண்டுவாருங்கள். 100 மீட்டர் வரை வேகம் குறையாது. ஆன்டெனா செங்குத்தாக நின்றால் அதே தளத்தில் பரவும். மேலே கொஞ்சம் வேண்டுமென்றால் ஒன்றை மட்டும் படுக்க வையுங்கள். போனில் ஏதாவது வைஃபை அனலைசர் ஆப் போட்டு அறை அறையாக நடந்து பாருங்கள்: சிக்னல் வலு (டிபிஎம் அளவு, பூஜ்யத்தை நெருங்க நெருங்க வலு அதிகம்) −50 டிபிஎம் அருமை, −67 வரை வீடியோ கால் நிற்கும், −75 தாண்டினால் குரல் உடையும்.

பேண்டுக்குள் இருக்கும் சிறு பிரிவான சேனலைத் தானியங்கியில் விடாமல் நாமே வைத்தது பலன் கொடுத்தது. 2.4இல் 1, 6, 11 மூன்றும்தான் ஒன்றோடொன்று மோதாதவை. எதில் பக்கத்து வீடுகள் குறைவோ அது. அகலம் 20 மெகாஹெர்ட்ஸ். 40 வைத்தால் தெருவிலிருக்கும் அத்தனை பேரின் இரைச்சலையும் சேர்த்து வாங்கிக்கொள்கிறோம். 12, 13 சில வெளிநாட்டு லேப்டாப்களின் கண்ணுக்கே படாது. 5 பேண்டில் 36 அல்லது 149, அகலம் 80. ஸ்மார்ட் பிளக், சிசிடிவி கேமரா போன்றவற்றில் பல 2.4 மட்டுமே அறிந்தவை. இரண்டு பேண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால் அவற்றை முதல் முறை சேர்ப்பது பெரும்பாடு. தனித்தனிப் பெயர் வைத்துச் சேர்த்துவிடுங்கள். வைஃபையைப் பூட்டும் முறை (பாதுகாப்பு) டபிள்யூபிஏ2 ஏஇஎஸ். பழைய பூட்டு முறையான டிகேஐபி இருந்தால் வேகம் 54க்கு இறங்கிவிடும். பாஸ்வேர்ட் அடிக்காமல் பட்டனிலோ பின் எண்ணிலோ இணைக்கும் டபிள்யூபிஎஸ் அணைத்திருக்கட்டும்.

மேல் மாடிக்குக் கான்கிரீட் வழியே 5 கிகாஹெர்ட்ஸ் ஏறவில்லை, எந்த ஆன்டெனாவைத் திருப்பினாலும். ரிப்பீட்டர் வாங்கத் தோன்றும். அது கேட்டதையே அதே ரேடியோவில் திருப்பிச் சொல்வதால் வேகம் பாதியாகிறது, அதுவும் சிக்னல் வரும் இடத்தில் வைத்தால்தான். அந்தக் காசுக்கு ஒரு லேன் வயரை மாடிக்கு ஏற்றி, மூலையில் கிடக்கும் பழைய ரவுட்டரை மாட்டலாம்: அதன் முகவரியை மாற்றி, கருவிகளுக்கு முகவரி கொடுக்கும் டிஹெச்சிபியை அணைத்து, வயரை அதன் லேன் போர்ட்டில் செருகி, கீழே உள்ள அதே பெயரும் பாஸ்வேர்டும், வேறு சேனலும் வைத்தால் முடிந்தது. கரண்ட் வயர் போகும் பைப்பிலேயே லேன் வயரையும் நுழைக்காதீர்கள்.

நாளாக நாளாகத் தொந்தரவு கொடுப்பது அடாப்டர். இரண்டு வருடம் தாண்டியதும் ரவுட்டர் காரணமில்லாமல், முக்கியமாக எல்லோரும் நெட் பார்க்கும் மாலை நேரத்தில், அணைந்து எரிய ஆரம்பித்தால் முதல் சந்தேகம் அதன் மேல் விழட்டும். உள்ளே இருக்கும் கப்பாசிட்டர் தளர்ந்திருக்கும். மல்ட்டிமீட்டரில் தனியாக அளந்தால் 12 காட்டும், ரவுட்டர் இழுக்கும்போது சரிந்துவிடும். அதனால் அளந்து பார்த்து நல்லது என்று முடிவு கட்டிவிட முடியாது. 12 வோல்ட், உள்பக்கம் பாசிட்டிவ், ஆம்பியர் 1 அல்லது அதற்கு மேல் உள்ள இன்னொன்றைப் போட்டுப் பாருங்கள். ஆம்பியர் கூடினால் கெடுதல் இல்லை. வோல்ட் மாறக் கூடாது: 9 வோல்ட் ரவுட்டருக்கும் இதே முனைதான் வருகிறது.

வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தும் கரண்ட் போகும் ஒவ்வொரு முறையும் ரவுட்டர் ரீஸ்டார்ட் ஆகிறது என்றால், இன்வெர்ட்டரின் பின்புறம் ஈகோ, யுபிஎஸ் என்று ஒரு சுவிட்ச் இருக்கிறதா பாருங்கள். யுபிஎஸ் பக்கம் வைத்தால் மாறும் நேரம் குறைகிறது. இன்வெர்ட்டர் இல்லாத வீட்டுக்கு 12 வோல்ட் மினி யுபிஎஸ் போதும், ஆனால் அது ஓஎன்டி, ரவுட்டர் இரண்டுக்கும் சேர்த்து 2 ஆம்பியர் கொடுக்க வேண்டும். பேட்டரி கொள்ளளவாக 8800 எம்ஏஹெச் என்று எழுதியிருப்பது 3.7 வோல்ட் கணக்கில். இரண்டு பெட்டிக்கும் சேர்த்து 10 வாட் போனால், 12 வோல்ட்டாக மாற்றும்போது வீணாவது போக இரண்டரை மணி நேரம் வரும், பேட்டரி பழசானதும் அது குறைந்துகொண்டே போகும்.

ஐப்பசி, கார்த்திகை இடி மின்னலில் ஃபைபர் இழை வழியாக மின்சாரம் வராது. அடாப்டர் வழியாகவும், மாடியிலிருந்து இறங்கும் நீண்ட லேன் வயர் வழியாகவும் வரும். இடி நெருங்கினால் இரண்டையும் கழற்றிவிடுங்கள்.

கடைசியாக ஓஎன்டி விளக்கு. எல்ஓஎஸ் என்ற இடத்தில் சிவப்பு மின்னினால் ஒளியே வரவில்லை, ரவுட்டரில் எதைத் திருகியும் பயனில்லை. மஞ்சள் இழையை மடக்கி ஆணியில் சுற்றியிருக்கிறார்களா என்று மட்டும் பாருங்கள், கூர்மையாக வளைந்தால் ஒளி அங்கேயே கசிந்துவிடும். சிவப்பு இல்லாமலேயே நெட் விட்டு விட்டு வந்தால் ஓஎன்டி பக்கத்துக்குள் போய் ரிசீவ் ஆப்டிகல் பவரை, அதாவது வந்து சேரும் ஒளியின் வலுவைப் படியுங்கள். −15 முதல் −25 டிபிஎம் வரை நிம்மதி. −27 என்பது விளிம்பு. 'நெட் ஸ்லோ' என்று புகார் கொடுத்தால் ரவுட்டரை ஆஃப் செய்து ஆன் செய்யச் சொல்வார்கள். 'ரிசீவ் பவர் −28 காட்டுகிறது' என்று கொடுத்துப் பாருங்கள், லைன்மேன் கம்பத்தில் உள்ள இணைப்பைத் திறந்து பார்க்கக் கருவியோடு வர வாய்ப்பு அதிகம்.