80ஆம் பக்கத்தைப் பார்க்காமல் வாங்காதீர்கள்

கும்பகோணத்தில் போன வாரம் பந்தல் போட்டுப் புத்தகம் விற்றவர்களிடம் 280 ரூபாய்க்கு ஒரு சிறுவர் கதை வாங்கினேன். கண்ணாடித் தாள் சுற்றியிருந்தது. "பிரிக்கக் கூடாது சார்" என்றார்கள். சரி என்று வந்துவிட்டேன். நீங்கள் அப்படி வராதீர்கள்.

கதை அருமையான கதை. திருவையாற்றில் ஒரு மாய வீடு, அதில் திருட நுழைகிறான் ஒரு போக்கிரி. வெளியே வர ஐந்து கதவுகள். ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஓர் ஆறு. வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று, தஞ்சாவூரிலிருந்து பஸ்ஸில் போகும்போது பாலம் பாலமாகத் தாண்டுவோமே, அதே வரிசை. வெண்ணாற்றுக் கதவைத் திறந்தவன் நாற்றங்கால் சேற்றில் போய் விழ, வீட்டுத் தூண்களெல்லாம் சிரிக்கின்றன. எட்டு வயது மகள் இரண்டு ராத்திரி தூங்கவே மாட்டேன் என்றாள்.

மூன்றாம் ராத்திரி 80ஆம் பக்கம். குடமுருட்டிக் கதவின் தாழ்ப்பாளில் கை வைக்கிறான். திருப்பினால் மறுபடி 65! படித்ததே 80 வரை திரும்ப வருகிறது. அதற்கடுத்து 97. அதில் அவன் பூனைக்குட்டியும் கையுமாகக் கடைத்தெருவில் நிற்கிறான். "எப்படிப்பா வெளிய வந்தான்?" என்று கேட்கிறாள். என்ன சொல்வது?

பதினாறு பக்கம் சேர்ந்தாற்போல் அச்சடித்து மடிக்கிற தாளைத்தான் அச்சகத்தில் ஒரு பாரம் என்பார்கள். பைண்டிங்கில் ஒரு பாரம் விட்டுப்போய் இன்னொன்று இரண்டு தடவை சேர்வது நடக்கக்கூடியதுதான், அதற்காகக் கோபப்படவில்லை. ஆனால் எங்கள் தெருவில் வாங்கிய இன்னும் இரண்டு பேரின் பிரதியிலும் அதே பாரம் இல்லை. கழித்துப் போட்டவற்றைத் தெரிந்தே உறை போட்டு விற்றார்கள் என்றுதான் நினைக்கிறேன். எடுத்துக்கொண்டு போனால் "வித்தது வித்ததுதான்" என்கிறார்கள். பில்லும் கிடையாது, துண்டுச் சீட்டில் தொகை மட்டும்.

2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் தராததே தவறு. பில்லில் வேறு கெடு சொல்லாதபோது, குறையுள்ள பொருளை 30 நாளுக்குள் திரும்ப வாங்க மறுப்பதும் தவறு. தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915க்கு அழைத்துப் புகார் கொடுத்திருக்கிறேன்.

அடுத்து மன்னார்குடியில் கடை போடுகிறார்களாம். அங்கே வாங்குகிறவர்கள் உறையை அவர்கள் கண் முன்னாலேயே பிரித்துப் பக்க எண்ணைப் பாருங்கள், பில் வாங்காமல் காசு கொடுக்காதீர்கள். அப்புறம், முழுப் பிரதி யாரிடமாவது இருந்தால், குடமுருட்டிக் கதவுக்குப் பின்னால் என்ன இருந்தது என்று சொல்லுங்கள். மகள் தினமும் கேட்கிறாள்.