குன்னத்தூர் சத்திரத்தில் தைத்த கருப்பசாமி உடை

பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தில் மாறுவேடப் போட்டி என்றால் நேரே வாடகைக் கடைக்கு ஓடாதீர்கள். நான் முதலில் அங்கேதான் போனேன். ஒரு நாளைக்கு 400 ரூபாய், முன்பணம் தனி. எடுத்துக் காட்டிய உடையில் வியர்வை வாடை போகவில்லை. இடுப்பு தொளதொளவென்று இருந்தது, ஊக்கு குத்திக்கொள்ளச் சொன்னார்கள். ஒன்றாம் வகுப்புப் பையன் ஊக்குக் குத்தலோடு மேடையில் என்ன செய்வான்? வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

என் மகன் கேட்டது கருப்பசாமி வேடம். சித்திரைத் திருவிழாவுக்கு மதுரை வரும் கள்ளழகரை மக்கள் எதிர்கொண்டு வரவேற்கிற எதிர்சேவையின்போது, தல்லாகுளத்தில் தோல் பையை மாட்டிக்கொண்டு அழகருக்குத் தண்ணீர் பீய்ச்சுகிறவர்களைப் பார்த்ததிலிருந்து அதே நினைப்புதான். அந்த உடைக்கு மதுரைக்காரர்கள் காலங்காலமாகப் போன இடம் புதுமண்டபம். மீனாட்சி கோயிலின் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே 17ஆம் நூற்றாண்டில் திருமலை நாயக்கர் கட்டியது. தூண்களுக்கு நடுவே ஒரு பக்கம் பாத்திரமும் வளையலும் புத்தகமும் விற்கும், இன்னொரு பக்கம் தையல் மெஷின் ஓடும். மண்டபத்தைப் பாதுகாப்பதற்காகக் கடைகளைப் பக்கத்திலேயே குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றி விட்டார்கள். எனக்குப் பழைய இடத்தின் அழகு இங்கே இல்லை என்றுதான் தோன்றுகிறது. ஆனால் கை அதே கைதான்.

நான் போன கடையில் தைப்பவர் வயதான ஒரு பாய். அழகர் திருவிழாவுக்குத் தைப்பது அவர் அப்பா காலத்திலிருந்து நடக்கிற தொழில். “வேசம் பள்ளிக்கூடத்துக்கா, நேர்த்திக்கடனுக்காம்மா?” என்று கேட்டார். பள்ளிக்கூடத்துக்கு என்றேன். “சரி, ரெண்டுக்கும் தையல் ஒண்ணுதான்” என்று டேப்பை எடுத்தார்.

அளவெடுத்த விதத்தைச் சொல்ல வேண்டும். நிற்க வைத்து அளந்தார். அப்புறம் “தம்பி, தண்ணி பீச்சுற மாதிரி நில்லுய்யா” என்றார். இவன் ஒரு காலை முன்னே வைத்து, முதுகை வளைத்து, இரண்டு கையையும் தூக்கி நின்றான். அந்த நிலையில் இடுப்பையும் தொடையையும் மறுபடி அளந்தார். குதித்து ஆடுகிறவர்களுக்குத் தைப்பதால் சல்லடத்தில், அதாவது அந்த வேடத்தின் அரைக்கால் சட்டையில், தொடைப் பக்கம் தளர்ச்சி விட வேண்டுமாம், இல்லாவிட்டால் முதல் ஆட்டத்திலேயே தையல் விட்டுவிடும். சிவப்புத் துணியில் ஒரு துண்டை நறுக்கி, தண்ணீரில் நனைத்து, வெள்ளைத் துணியில் அழுத்திப் பார்த்தார். சாயம் ஒட்டியது. அந்தத் துணியைத் தள்ளி வைத்துவிட்டு வேறு எடுத்தார். நனையப் போகாத பள்ளிக்கூட உடைதானே என்று அவர் விடவில்லை. எனக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது.

நான் வீட்டிலிருந்து எழுதிச் சம்பாதிக்கிறேன். கம்பெனிகளுக்குக் கட்டுரை, மொழிபெயர்ப்பு, சொல்லுக்கு இவ்வளவு என்று கூலி. மகன் பள்ளியில் இருக்கும் நேரமும் அவன் தூங்கிய பிறகும்தான் எனக்கு வேலை நேரம். ஒரு மாதம் மூச்சு விட நேரமிருக்காது, அடுத்த மாதம் போனே வராது. பாயும் அப்படித்தான் சொன்னார்: பங்குனி, சித்திரையில் ராத்திரி பகலாக மெஷின் ஓடும், மற்ற மாதங்களில் தலையணை உறை, பள்ளிச் சீருடை. வேலை இல்லாத மாதத்திலும் கூலியைப் பார்த்து வேலையைக் குறைக்காத ஆளைப் பார்க்கும்போது எனக்குத் தெம்பாக இருக்கிறது. அதனால் பேரம் பேசவில்லை. துணி, கூலி, தலைப்பாகை, ஜரிகை வைத்த கச்சை எல்லாம் சேர்த்து 1,100 ரூபாய். சாட்டையும் தோல் பையும் தனி. தோல் பை நாங்கள் வாங்கவில்லை.

குறையும் உண்டு. வியாழக்கிழமை தருவதாகச் சொன்னது வெள்ளி சாயங்காலம்தான் கிடைத்தது. போட்டி திங்கள் என்பதால் தப்பித்தோம். போட்டுப் பார்க்க மறைவான இடம் இல்லை, பையன் சட்டைக்கு மேலேயே மாட்டிப் பார்த்தான். ரசீது கேட்டால் அட்டையில் எழுதித் தருகிறார், அவ்வளவுதான்.

உடையைப் புரட்டிப் பார்த்தால் உள்ளே முழுக்கப் பருத்தித் துணி கொடுத்திருக்கிறார். ஜரிகை உடம்பில் உரசவே இல்லை. சல்லடத்தின் ஓரத்தில் நாலு விரல் துணியை மடித்து வைத்துத் தைத்திருக்கிறார். அடுத்த வருடம் பிரித்து விட்டுக்கொள்ளலாம். போட்டியில் ஆறுதல் பரிசு கிடைத்தது. இப்போது பள்ளி விட்டு வந்ததும் அதை மாட்டிக்கொண்டு வீட்டைச் சுற்றி ஆடுகிறான், நான் அந்தச் சத்தத்திலேயே எழுதப் பழகிவிட்டேன். துவைத்துவிட்டேன், சாயம் இறங்கவில்லை.

போவதாக இருந்தால் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போங்கள், பழைய சட்டையை அளவுக்குக் கொடுக்காதீர்கள். போட்டிக்கு இரண்டு வாரம் முன்னால் போனால் நல்லது. மாசி முடிந்துவிட்டால் திருவிழாத் துணிகள் குவிந்துவிடும். அந்த நேரத்தில் பள்ளிக்கூட வேடத்துக்கு அவரை அவசரப்படுத்துவது நியாயமில்லை.