ஆறு தகர மூடிகளும் ஒரு கதவும்

இந்த முறை மும்பையில் விமானம் நேரத்துக்கு இறங்கியது. வங்கியில் அப்பாவின் கையெழுத்துத் தகராறு பத்தே நிமிடத்தில் தீர்ந்தது. அம்மாவின் ஆதாரில் முகவரியும் மாறிவிட்டது. அவற்றைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. மூன்று வார விடுப்பில் ஒன்பது நாளைத் தின்று தீர்த்தது அப்பாவின் வாகன்-ஆர் வண்டியின் இடது பின்கதவு.

2009-இல் வாங்கிய வண்டி, வெள்ளி நிறம். 15 ஆண்டு முடிந்து, பதிவை இன்னும் ஐந்தாண்டுக்குப் புதுப்பித்தாயிற்று. சேடா நகர் முருகன் கோயில், மாட்டுங்கா மார்க்கெட், இவற்றைத் தாண்டி அது எங்கும் போவதில்லை. நான்கு மாத மழையையும் கடல் காற்றையும் வாங்கிக்கொண்டு செம்பூரில் சும்மா நிற்கிறது. கதவின் அடியோரத்தில் பெயின்ட் கொப்பளித்திருந்தது. நகத்தால் அழுத்தினேன், அப்பளமாக நொறுங்கியது. டொராண்டோவில் குளிர்காலம் முழுக்கச் சாலையில் உப்பைக் கொட்டுகிறார்கள், துரு எனக்குப் பழைய பகையாளி. நான் இருக்கும்போதே சரிசெய்துவிடலாம் என்று வாயைக் கொடுத்தேன்.

முதலில் போனது பெரிய பட்டறை. குளிரூட்டிய வரவேற்பறை, காப்பி இயந்திரம், கணினியில் அச்சிட்ட மதிப்பீடு. அடடா, நம் ஊரும் மாறிவிட்டது என்று உள்ளுக்குள் பூரித்துப்போனேன். மறுநாள் மாலையே வண்டி தயார். நிலவறையின் குழல்விளக்கில் கதவு புத்தம் புதிதாகத் தெரிந்தது. காலையில் வெயிலுக்கு எடுத்தேன். கதவின் கீழ்ப்பாதி ஒரு நிறம், மேல்பாதி ஒரு நிறம், நடுவே அடிக்கோல் வைத்து இழுத்ததுபோல் ஒரு கோடு. பழைய வேட்டியில் புதுத்துணியை ஒட்டுப்போட்ட மாதிரி இருந்தது. அதைவிட மோசம், அடியோரத்தில் அதே கொப்பளம் விரலில் தட்டுப்பட்டது. துருவைச் சுரண்டாமல் அதன் தலையிலேயே பெயின்டை அடித்திருக்கிறார்கள். மேலாளரிடம் கேட்டால், மெட்டாலிக் நிறம் என்றால் அப்படித்தானாம்.

“தெரிந்தால் என்ன? வண்டியைப் பெண் பார்க்கவா வருகிறார்கள்?” என்றார் அப்பா. எனக்கு மனம் ஆறவில்லை.

அம்மா மாவு வாங்கும் கடைக்காரர் சொல்லித்தான் குர்லா சி.எஸ்.டி. சாலைப் பக்கம் ஒரு சந்தில் அண்ணாச்சியைக் கண்டுபிடித்தேன். நெல்லைப் பக்கத்துக்காரர், தாராவியில் வீடு, வயது அறுபதுக்கு மேல். தகரக் கூரை, ஒரு கம்ப்ரஸர், சுவரில் சாமி காலண்டர். கதவை ஒரு பார்வை பார்த்துவிட்டு, “நாளைக்கு வாருங்கள் தம்பி” என்றார். இந்தியில் நேற்றுக்கும் நாளைக்கும் ஒரே சொல்தானே! அண்ணாச்சி தமிழில் சொன்னாலும் பொருள் மட்டும் இந்தியில் இருந்தது. மூன்று நாள் நடையாய் நடந்தேன். டொராண்டோவில் 9.40-க்கு வரச் சொன்னால் 9.40-க்குச் சாவியை வாங்குவார்கள் என்று நானும் பொருமினேன். அவர் சிரித்துக்கொண்டே டீ வாங்கிக்கொடுத்தார்.

நான்காம் நாள் கை வைத்தார். சுரண்டியதும் கட்டைவிரல் நுழையும் அளவுக்கு ஓட்டை. கதவின் அடியில் மழைநீர் வடிவதற்கென்றே துவாரங்கள் உண்டு. எங்கள் கதவில் அவை சேற்றால் அடைபட்டு, தண்ணீர் உள்ளேயே தேங்கியிருக்கிறது. அவர் சைக்கிள் கம்பி ஒன்றால் குத்திக் குடைந்ததும் கறுப்புச் சகதி ஒழுகியது. “இதை விட்டுவிட்டு எத்தனை தடவை பெயின்ட் அடித்தாலும் வீண்” என்றார். பிறகு பக்கத்துக் கடையில் தகரத் துண்டு வைத்து வெல்டிங், பிரைமர் என்ற அடிப்பூச்சு, மேடுபள்ளத்தை நிரப்ப மெல்லிய பட்டி, தண்ணீர் தொட்டு வாட்டர் பேப்பரால் தேய்ப்பு என்று இரண்டு நாள் போயிற்று.

நிறம் கலக்கும் நாளில்தான் எனக்கு வாயடைத்துப்போயிற்று. வண்டியில் உள்ள நிறக் குறியீட்டைச் சொல்லி, பெயின்ட் கடையில் கலந்து வாங்கி வந்திருந்தேன். அதைத் தகர மூடி ஒன்றில் அடித்து, மேலே கிளியர் என்ற நிறமில்லாப் பளபளப்புப் பூச்சும் அடித்துக் காயவைத்து, கதவருகே பிடித்துக் காட்டினார். குறியீடு சரிதான், நிறம் சரியில்லை. “இது பிறந்த அன்று இருந்த நிறம். உங்கள் வண்டி பதினைந்து வருஷம் வெயிலில் காய்ந்திருக்கிறது.” ஒரு குச்சியில் கறுப்பு தொட்டார், இன்னொன்றில் ஏதோ மஞ்சள் சாயல் தொட்டார். ஒவ்வொரு கலவைக்கும் ஒரு மூடி. நேரே நின்று பார்த்தார், பிறகு வண்டியின் பின்னால் போய்க் குனிந்து பக்கவாட்டில் பார்த்தார். மெட்டாலிக் பெயின்டில் உள்ள அலுமினியத் துகள்கள் எப்படிப் படிகின்றனவோ அப்படித்தான் வெளிச்சம் திரும்பும். ஈரமாக அடித்தால் நிறம் சற்றுக் கறுக்கும், உலர்வாக அடித்தால் வெளுக்கும். நேரே பொருந்திய நான்காவது மூடி பக்கவாட்டில் கறுத்தது. ஆறாவது மூடியைக் கதவில் வைத்தபோது எனக்கு மூடியின் விளிம்பு மட்டும்தான் தெரிந்தது.

காலை பதினொன்றுக்குத்தான் ஸ்ப்ரே கன்னை எடுத்தார். அதற்கு முன் பனி ஈரம், மதியத்துக்கு மேல் கடல் காற்று கிளம்பித் தூசியைக் கொண்டுவந்து ஒட்டும் என்றார். பிரைமர் தெரிந்த இடத்தில் முதல் பூச்சு, அடுத்தது அதைவிடச் சற்று அகலமாக, அதற்கடுத்தது இன்னும் அகலமாக. ஒவ்வொரு வீச்சின் முடிவிலும் மணிக்கட்டு மேல்நோக்கி விலக, பெயின்ட் புகைபோல மெலிந்து பழைய நிறத்தில் கரைந்தது. டேப் எங்கும் ஒட்டவில்லையே என்றேன். “கோடு போட்டால் கண் அங்கேதானே தம்பி நிற்கும்? ஓரத்தைக் கரைத்துவிட வேண்டும்.” பின்கதவோடு விடவில்லை, முன்கதவின் பின்னோரத்திலும் லேசாகத் தூவினார். கிளியரை மட்டும் நடுவில் எங்கும் நிறுத்தாமல் இரண்டு கதவுக்கும் முழுதாக அடித்தார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மூன்று ஆண்டுக்கு முன் டொராண்டோவில் என் காரின் கதவில் அடிபட்டபோது, பக்கத்து மட்கார்டுக்கும் சேர்த்து மதிப்பீடு போட்டிருந்தார்கள். அடிபடாத மட்கார்டுக்கு எதற்குப் பணம் என்று சண்டை பிடித்து அந்த வரியை நீக்கவைத்தேன். வென்றுவிட்டதாக வீட்டில் பெருமையும் அடித்துக்கொண்டேன். இன்றும் அந்தக் கார் வெயிலில் நின்றால் கதவு தனியாகத் தெரிகிறது. மூன்று ஆண்டாக நான் திட்டிக்கொண்டிருந்தது பெயின்டை!

4,500 ரூபாய் கேட்டார். செல்பேசியில் அனுப்பினேன், ரசீது கிடையாது. ஒரு மாதத்துக்குப் பாலிஷ் எதுவும் போடக்கூடாது என்றார். இறுகவைக்கும் ஹார்ட்னர் கலந்த கிளியர் தங்காது, வெள்ளி நிறம் மட்டும் தங்கும் என்று மிச்சத்தை ஒரு இருமல் மருந்து பாட்டிலில் ஊற்றி, வாயை டேப்பால் சுற்றிக் கொடுத்தார்.

மருந்து பாட்டில்தானே என்று அப்பா அதை ஃபிரிட்ஜில் சொட்டு மருந்துகளுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார். நான் கிளம்பும் அன்று பார்த்தேன், அது பரண்மேல் ஏறியிருந்தது. அம்மா அதில் பிளாஸ்திரி ஒட்டி, கொட்டை எழுத்தில் ‘கார்’ என்று எழுதியிருந்தார்.