மேலூர்ப் பக்கத்து அரசு நடுநிலைப்பள்ளி: ஒரு பெற்றோரின் மதிப்பீடு

மேலூர் வட்டாரத்து அரசு நடுநிலைப்பள்ளி ஒன்றில் என் மகள் ஏழாம் வகுப்பும் மகன் மூன்றாம் வகுப்பும் படிக்கிறார்கள். பிள்ளைகளை அங்கே சேர்க்கலாமா என்று அக்கம்பக்கத்தார் அடிக்கடி கேட்பதால் இதை எழுதுகிறேன். குறைகளையும் சொல்ல வேண்டியிருப்பதால் பள்ளியின் பெயரைத் தவிர்த்துவிட்டேன்.

சிறு வகுப்புகளைப் பற்றி எனக்கு மனக்குறை இல்லை. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிவைக்கப்பட்ட காலை உணவுத் திட்டம், மறு ஆண்டு மற்ற அரசுத் தொடக்க வகுப்புகளுக்கும் விரிந்தபோது எங்கள் ஊருக்கும் வந்தது; விடிவதற்குள் களையெடுப்புக்கும் நூறு நாள் வேலைக்கும் கிளம்பிவிடும் தாய்மார்களின் பிள்ளைகள் இப்போது வெறும் வயிற்றோடு முதல் பாடவேளையில் உட்காருவதில்லை. தொடக்க வகுப்புப் பிள்ளைகளுக்கு அடிப்படை வாசிப்பும் கணக்கும் வரச்செய்யும் ‘எண்ணும் எழுத்தும்’ திட்ட வகுப்பில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துக் கற்பிக்கிறார்கள். என் மகன் வெகுநாள் அரும்பிலேயே இருந்தான். அதை ஒளிக்காமல் என்னிடம் சொன்ன ஆசிரியை, அவன் எந்தெந்த எழுத்துகளில் தடுமாறுகிறான் என்பதையும் தாளில் குறித்துக் கொடுத்தார்.

இந்தப் பள்ளியில் எனக்கு மிகவும் பிடித்தது ஏழாம் வகுப்புக் கணித ஆசிரியை வைத்திருக்கும் பழைய பிஸ்கட் டப்பா. புரியாததைப் பெயர் போடாமல் எழுதி அதில் போடலாம். வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் பிரிப்பார். “குறை எண்ணைக் குறை எண்ணால் பெருக்கினால் ஏன் மிகை எண் வருகிறது?” என்று ஒரு சீட்டு வந்திருக்கிறது. விதியை மறுபடி ஒப்பிக்கச் சொல்லாமல், ஊர்க் கண்மாயில் நாளொன்றுக்கு இரண்டு அங்குலம் நீர் இறங்குகிறது என்றால், மூன்று நாளைக்கு முன்பு நீர்மட்டம் இன்றைவிட எவ்வளவு மேலே இருந்திருக்கும் என்று திருப்பிக் கேட்டிருக்கிறார். ஆறு அங்குலம் என்று வகுப்பே சொல்லியிருக்கிறது. நீர் இறங்குவது குறை எண், பின்னோக்கிப் போகும் நாளும் குறை எண், விடையோ மிகை எண். அன்று மாலை என் மகள் அதே கணக்கை அடுப்படியில் தன் பாட்டிக்கு விளக்கிக்கொண்டிருந்தாள். இத்தனைக்கும் இந்த டப்பா எந்தச் சுற்றறிக்கையிலும் வந்ததல்ல; அந்த ஆசிரியை மாறுதலில் போய்விட்டால் அதுவும் அவரோடு போய்விடும் என்பதுதான் என் கவலை.

பள்ளியை நடத்துவதில் மாணவர்களுக்கும் பங்கு தருவதற்காக 2024 நவம்பரில் வந்தது மகிழ் முற்றம். குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என ஐந்து குழுக்கள். ஒவ்வொன்றுக்கும் மாணவத் தலைவர்கள். கடலை நேரில் பார்த்திராத என் மகள் நெய்தலுக்குத் தலைவி. குடிநீர்க் குழாய் ஒழுகுவதையும் கழிப்பறைத் தாழ்ப்பாள் உடைந்திருப்பதையும் இந்தப் பிள்ளைகள் ஒரு நோட்டில் எழுதிக் கொடுத்தார்கள். தாழ்ப்பாள் பத்தே நாளில் மாற்றப்பட்டது. பெண்பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கு அது சின்ன விஷயமல்ல.

ஆனால் குழாய்க்கும் தாழ்ப்பாளுக்கும் காது கொடுக்கும் பள்ளி, பாடம் என்று வரும்போது பிள்ளைகளின் பேச்சை எடுத்துக்கொள்வதில்லை. அறிவியல் ஆசிரியர் இல்லாமல் ஒரு பருவம் முழுவதும் போனது. வேறு பாட ஆசிரியர் வந்து வினா விடை எழுதிப்போட்டார். செய்முறை ஒன்றையாவது செய்துகாட்டச் சொல்லி மருதம் குழு எழுதியதற்கு இன்றுவரை பதில் இல்லை. நூலக அலமாரியும் அப்படித்தான். புத்தகங்கள் கிழிந்துவிடும் என்று பூட்டியே வைத்திருக்கிறார்கள். மதுரை நத்தம் சாலையில் கலைஞர் நூற்றாண்டு நூலகத்தின் சிறுவர் பகுதியில் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் தாங்களே எடுத்துப் படித்துவிட்டு வந்தார்கள், ஒரு தாளும் கிழியவில்லை.

கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராக இருக்க வேண்டும். எங்கள் குழுவிலும் இருக்கிறோம். தீர்மானத்தை எழுதி முடித்துவிட்டே எங்களைக் கையெழுத்துக்கு அழைக்கிறார்கள். போன கூட்டத்தில், பிள்ளைகளின் நோட்டை முதலில் வாசித்துவிட்டுத் தீர்மானம் எழுதலாம் என்று கேட்டேன். தலைமை ஆசிரியர் மறுக்கவில்லை, ஆனால் அன்று நேரமில்லை என்றார்.

பிள்ளையைச் சேர்க்கலாம், ஐந்தாம் வகுப்பு வரை தயங்காமல் சேர்க்கலாம். ஆறாம் வகுப்புக்கு மேல் சேர்ப்பவர்கள், எந்தெந்தப் பாடத்துக்கு ஆசிரியர் இருக்கிறார் என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். சேர்த்த பிறகு மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு வந்து உட்காருங்கள். அலமாரிச் சாவியைக் கேட்க என்னோடு இன்னும் நாலு பேர் வேண்டியிருக்கிறது.