குன்னூர் விடுதி பாரின் ஷாட் வகைகள்: இரண்டு மாலை அனுபவம்

சென்ற டிசம்பரில் ஒரு நண்பரின் பிறந்தநாளுக்காக நாங்கள் ஆறு பேர் குன்னூரில் கூடியபோது, தங்கியிருந்த விடுதியின் பாரிலேயே இரண்டு மாலைகளைக் கழித்தோம். அங்கே ஷாட் வகைகளுக்கென்று தனி மெனு இருக்கிறது. கீழே சமவெளியில் நான் பார்த்த பல இடங்களில், எந்த மதுவாக இருந்தாலும் சின்னக் கிளாஸில் ஊற்றி, சுற்றியிருப்பவர்கள் கைதட்ட, ஒரே மடக்கில் விழுங்கச் சொல்வதோடு ஷாட் முடிந்துவிடும். இங்கே பார்டெண்டராக இருக்கும் கோத்தகிரி இளைஞரோ, ஒவ்வொரு மதுவையும் அது பிறந்த ஊரின் வழக்கம் அறிந்து பரிமாறுகிறார்.

முதலில் டெக்கீலா கேட்டோம். மெக்சிகோவில், ஹலிஸ்கோ மாநிலத்து டெக்கீலா என்னும் ஊரின் பெயரைக் கொண்ட இந்த மது, நீல அகேவ் செடியின் நடுப்பகுதியை வேகவைத்துப் பிழிந்த சாற்றைப் புளிக்கவைத்து வடிப்பது; அந்தப் பெயர் 1974 முதல் சட்டப் பாதுகாப்புப் பெற்றது. நம் பக்கத்து வேலிகளில் நிற்கும் ஆனைக்கற்றாழை அதற்கு உறவுச் செடி. உப்பை நக்கி, மதுவை விழுங்கி, எலுமிச்சையைக் கடிக்கும் பழக்கம் உலகெங்கும் பரவியிருந்தாலும், மெக்சிகோவில் நல்ல டெக்கீலாவை மெல்ல உறிஞ்சி, இடையிடையே சங்ரீத்தா என்னும் காரமான புளிப்புப் பழச்சாற்றைப் பருகுவார்கள். அந்தச் சாற்றையும் பார்டெண்டரே தயாரித்து, கேட்காமலே பக்கத்தில் வைத்தார். எது முழுக்க அகேவ் சர்க்கரையிலிருந்து வடித்தது, எது சட்டம் கோரும் குறைந்தபட்சமான 51 சதவீதத்தோடு வேறு சர்க்கரையும் சேர்ந்தது என்பது மெனுவில் தெளிவாக அச்சிடப்பட்டிருப்பதை வேறெங்கும் நான் கண்டதில்லை.

யேகர்மைஸ்டரின் கதை இன்னும் சுவையானது. 1935-இல் ஜெர்மனியின் வோல்ஃபன்பியூட்டல் நகரில் விற்பனைக்கு வந்த இந்த 56 மூலிகை மது, உணவுக்குப் பின் செரிமானத்துக்காக அருந்தப்பட்டது. சிட்னி ஃபிராங்க் என்ற இறக்குமதியாளர் 1980-களில் அதை அமெரிக்கக் கல்லூரி மாணவர்களிடம் கொண்டுசேர்த்த பிறகே அது விருந்துகளின் அடையாளமாயிற்று. உறைகுளிரில் வைத்து ஊற்றித் தந்தபோது, சோம்பும் அதிமதுரமும் கலந்த அதன் வாசனை எனக்குப் பாட்டி கிண்டும் தீபாவளி லேகியத்தை நினைவூட்டியது.

அளவில் குறை சொல்ல இடமில்லை. 30 மில்லி பெக் அளவியில் நம் கண்ணெதிரே அளந்தே ஊற்றுகிறார்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் தண்ணீர் வருகிறது. உள்ளூர் பேஷன் ஃப்ரூட் சாற்றை வெள்ளை ரம்மோடு சேர்த்த அவர்களுடைய சொந்த ஷாட்டும் நன்றாக இருந்தது.

குறை இரண்டாம் மாலையில் தெரிந்தது. பி-52 என்ற ஷாட், லிக்கர் எனப்படும் இனிப்பு மதுவில் காபி, கிரீம், ஆரஞ்சு வகைகள் மூன்றையும் கலக்காமல் அடுக்குவது. சர்க்கரை மிகுந்து கனமானது அடியிலும், ஆல்கஹால் மிகுந்து லேசானது மேலுமாக நிற்கும்படி, கரண்டியின் முதுகில் வழியவிட்டு ஊற்ற வேண்டும். அன்று பணியிலிருந்த வேறொருவர் அவசரமாக ஊற்றியதால், கலங்கிய பழுப்புத் திரவம்தான் வந்தது. சொன்ன பிறகும் மாற்றித் தரவில்லை. 650 ரூபாய்க்கு அது நியாயமில்லை. வரி தனி என்பதும் பில்லைப் பார்த்த பிறகே தெரிந்தது.

குளிருக்கு ஷாட் இதம் என்று பணியாளர் ஒருவர் சொன்னார். அது சரியல்ல. மது தோலின் ரத்தக் குழாய்களை விரியச் செய்வதால் சூடு ஏறுவதுபோல் தோன்றுமே தவிர, உடல் வெப்பத்தை இழக்கவே செய்கிறது. டிசம்பர் இரவில் இதை நினைவில் வைக்க வேண்டும். மேட்டுப்பாளையம் சாலையின் கொண்டை ஊசி வளைவுகளில் அன்றிரவே இறங்க நினைப்பவர்கள் இந்தப் பாருக்குள் நுழையவே வேண்டாம். அங்கேயே அறை எடுப்பவர்கள், பி-52 கேட்பதற்கு முன் கோத்தகிரி இளைஞர் பணியில் இருக்கிறாரா என்று விசாரித்துக்கொள்ளுங்கள்.