வி10, 8.1, 7.3: பெரிய பெட்ரோல் மோட்டார்ஹோம்களில் திறனும் மைலேஜும்

அமெரிக்கச் சாலைகளில் ஓடும் பெரிய பெட்ரோல் மோட்டார்ஹோம் (உள்ளேயே தங்கிப் பயணிக்கும் வீட்டு வண்டி) ஒன்றை வாங்க முனைபவர், அது கடந்த இருபது ஆண்டுகளுக்குள் வந்த வண்டியாக இருந்தால், பெரும்பாலும் மூன்று எஞ்சின்களுள் ஒன்றில்தான் போய் நிற்பார். ஃபோர்டு எஃப்-53 சேசிஸில் (வண்டியின் அடிச்சட்டத்தில்) நெடுங்காலம் இருந்த 6.8 லிட்டர் வி10, அதாவது பத்து சிலிண்டர் எஞ்சின், ஒன்று. வொர்க்ஹார்ஸ் நிறுவனத்தின் சேசிஸில் பொருத்தப்பட்ட, ஜெனரல் மோட்டார்ஸின் 8.1 லிட்டர் வி8 (எட்டு சிலிண்டர்) இரண்டாவது. 2020 வாக்கில் வி10-இன் இடத்துக்கு வந்த ஃபோர்டின் 7.3 லிட்டர் வி8 மூன்றாவது. இவற்றுள் எது அதிக மைலேஜ் தரும் என்றுதான் வாங்குபவர்கள் முதலில் கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்கு அவ்வளவு முக்கியத்துவம் தேவையில்லை என்பது என் உறுதியான கருத்து. மலைச்சாலையில் ஏறும்போது வண்டி எப்படி நடந்துகொள்கிறது என்பதில்தான் இம்மூன்றும் உண்மையில் வேறுபடுகின்றன.

இந்த எடைப் பிரிவு வண்டிகளுக்கு அமெரிக்க அரசின் எரிபொருள் சிக்கன முத்திரை கிடையாது. ஆகவே உரிமையாளர்கள் குறித்துவைக்கும் கணக்கே சான்று. அவை பெரும்பாலும் கேலனுக்கு 6 முதல் 10 மைல் வரையிலும், அதிலும் 7, 8 மைல் அருகிலும், அதாவது லிட்டருக்கு ஏறத்தாழ 3 அல்லது 3.4 கிலோமீட்டராகவும், அமைகின்றன. எஞ்சின் எதுவானாலும் இந்த எண் பெரிதாக மாறாததற்குக் காரணம் எளிது. 10 டன் எடையும், எட்டரை அடி அகலமும், ஏறத்தாழ 12 அடி உயரமும் உள்ள ஒரு தட்டையான முகத்தைக் காற்றைக் கிழித்துக்கொண்டு தள்ளிச் செல்ல வேண்டியிருக்கிறது. அந்த வேலைக்குத் தேவையான ஆற்றலை நிர்ணயிப்பது வண்டியின் உருவமும் எடையும் வேகமுமே. மூன்றும் டர்போ (காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் செலுத்தும் கருவி) இல்லாத பெட்ரோல் எஞ்சின்கள் என்பதால், ஒரு கேலன் பெட்ரோலிலிருந்து அவை பிழிந்தெடுக்கும் பயனுள்ள ஆற்றலும் அதிகம் வேறுபடுவதில்லை. சிலிண்டருக்குள் கலவை எத்தனை மடங்கு அழுத்தப்படுகிறது என்பதைக் காட்டும் அழுத்த விகிதம் 7.3-இல் 10.5, மற்ற இரண்டிலும் அது 9-ஐச் சற்றே தாண்டியது. அதனால் கிடைக்கும் சிறு ஆதாயத்தை ஓர் எதிர்காற்று விழுங்கிவிடும்.

கணக்கிட்டுப் பார்ப்போம். ஆண்டுக்கு 5,000 மைல் ஓடும் வண்டி கேலனுக்கு 7 மைல் தந்தால் 714 கேலனும், 8 மைல் தந்தால் 625 கேலனும் குடிக்கும். முழு ஒரு மைல் முன்னேற்றத்துக்கே சேமிப்பு 89 கேலன்தான். அந்த ஒரு மைலை எஞ்சினை மாற்றித் தேடுவதைவிட வலது காலைத் தளர்த்தித் தேடுவது எளிது. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருபடியாக வளர்வதால், மணிக்கு 65 மைலில் செல்லும்போது அது 55 மைலில் இருப்பதைவிட ஏறத்தாழ 40 சதவீதம் கூடுதலாக இருக்கும்.

இனி ஏற்றத்துக்கு வருவோம். 22,000 பவுண்டு எடையுள்ள வண்டியை 6 சதவீதச் சரிவில் மணிக்கு 40 மைல் வேகத்தில் மேலேற்றுவதற்கு, காற்றையும் டயர் உராய்வையும் ஒதுக்கிவிட்டாலும்கூட, சக்கரங்களில் 141 குதிரைத்திறன் வேண்டும். 60 மைல் வேகத்துக்கு அது 211 ஆகும். இங்கேதான் எஞ்சினின் குணம் தெரிய வருகிறது.

2000-களின் நடுவில் சிலிண்டருக்கு மூன்று வால்வு என்ற அமைப்போடு வந்த வி10, நிமிடத்துக்கு 4,750 சுற்றுகளில் 362 குதிரைத்திறனும், 3,250 சுற்றுகளில் சுமார் 620 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையும் தரும். 8.1 வி8-இன் எண்கள் 340 குதிரைத்திறன், சுமார் 617 நியூட்டன் மீட்டர். காகிதத்தில் வி10 முந்துகிறது. ஆனால் அதன் உச்சத் திறனைப் பெற எஞ்சினை நன்றாக அலறவிட வேண்டும். எஞ்சினோ ஓட்டுநருக்கும் பக்கத்து இருக்கைக்காரருக்கும் நடுவில், ஒரு மூடிக்குக் கீழே இருக்கிறது. 8.1 தன் உச்சத் திறனை 4,200 சுற்றுகளிலேயே எட்டிவிடுவதால் அதே ஏற்றத்தை அமைதியாகக் கடக்கிறது. வொர்க்ஹார்ஸின் கனரக சேசிஸ்களில் அதனுடன் வந்த, அலிசன் நிறுவனத்தின் தானியங்கி கியர்பாக்ஸும் பெரிய பலம். வி10-ஐ வாங்குபவர், அந்த அலறல் கோளாறு அன்று, அந்த எஞ்சின் அப்படி உழைக்கவே வடிவமைக்கப்பட்டது என்பதை முன்பே அறிந்திருப்பது நல்லது. தெரியாதவர்கள் பதறி காலை எடுத்துவிட்டு, வேகத்தை இழந்து தவிக்கிறார்கள். மூன்று வால்வு வி10-இல் ஸ்பார்க் பிளக்குகள் கழற்றும்போது உடைந்து உள்ளே சிக்கிக்கொள்வதுண்டு என்பதால், அவை எப்போது மாற்றப்பட்டன என்று கேட்பது அவசியம். 8.1-இன் உற்பத்தி 2009-இல் நின்றுவிட்டது. உதிரிப் பாகங்களைத் தேடும் பொறுமை வேண்டும்.

7.3 வி8 பிக்-அப் வண்டிகளில் 430 குதிரைத்திறன் தருவது. மோட்டார்ஹோம் சேசிஸில் நீண்ட நேரச் சுமையைத் தாங்குவதற்காக அதை 350-க்குக் குறைத்து அறிமுகப்படுத்தினார்கள். முறுக்குவிசை சுமார் 634 நியூட்டன் மீட்டர். ஆக, திறனில் இது மூன்று வால்வு வி10-ஐவிடச் சற்றுக் குறைவே. ஆனாலும் ஏற்றத்தில் இதுவே மூன்றிலும் சிறந்தது என்று தயங்காமல் சொல்வேன். காரணம் எஞ்சினைவிட அதனுடன் வரும் ஆறு கியர் பெட்டி. மூன்று வால்வு வி10-உடன் முதலில் வந்தது ஐந்து கியர் பெட்டி; அதில் ஒரு கியர் இறங்கும்போது சுற்றுகள் ஆயிரத்துக்கும் மேல் துள்ளிக் குதிக்கலாம். ஆறு கியர்களில் அந்த இடைவெளி ஓரளவு சுருங்குவதால், வேகம் கொஞ்சம் குறைந்தாலும் எஞ்சின் தன் நல்ல நிலையிலேயே நிற்கிறது.

உயரம் மூன்றையும் ஒரேபோல் தண்டிக்கிறது. டர்போ இல்லாத எஞ்சின் ஒவ்வோர் 1,000 அடிக்கும் சுமார் 3 சதவீதத் திறனை இழக்கும். கொலராடோவில் 11,000 அடிக்கு மேல் இருக்கும் ஐசன்ஹோவர் சுரங்கப்பாதையை நெருங்கும்போது 362 குதிரைத்திறன் 240 அளவுக்கு இறங்கிவிடும். ராக்கி மலைகளுக்கு அடிக்கடி செல்பவர்கள் டர்போ டீசல் வண்டிகளை நாடுவதற்கு மைலேஜைவிட இதுவே வலுவான நியாயம்.

சமவெளியில், ஆண்டுக்குச் சில ஆயிரம் மைல் மட்டும் ஓட்டுபவருக்கு, நன்கு பராமரிக்கப்பட்ட வி10 போதும். சத்தம் பொறுக்காதவர் அலிசன் கியர்பாக்ஸுடன் கூடிய 8.1-ஐத் தேடலாம். பின்னால் காரையும் இழுத்துக்கொண்டு மலை ஏறுபவருக்கு 7.3-தான். எதுவாயினும், வாங்கும் முன் தண்ணீர்த் தொட்டி நிரம்பிய நிலையில் ஒரு நீண்ட ஏற்றத்தில் ஓட்டிப் பாருங்கள். விற்பனை மனையைச் சுற்றியுள்ள சமதளச் சாலையில் மூன்றும் ஒன்றுபோலவே தோன்றும்.