300 வாட் சப்வூஃபர் என்று விற்ற பெட்டி: கும்பகோணம் பக்கம் வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

கும்பகோணம், மயிலாடுதுறை பக்கம் யாராவது ஸ்டீரியோ செட்டுக்குச் சப்வூஃபர் (அடித்தொனியை மட்டும் வாசிக்கும் ஸ்பீக்கர் பெட்டி) தேடிக்கொண்டிருந்தால், பணம் கொடுப்பதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். '12 இன்ச், 300 வாட் ஆர்எம்எஸ், ஆக்டிவ்' (அதாவது தொடர்ந்து 300 வாட் தரும், ஆம்ப்ளிஃபையர் உள்ளேயே இருக்கும்) என்று சொல்லி 14,500 ரூபாய்க்கு என் தலையில் கட்டிய பெட்டிக்குள் இருந்தது முப்பது வாட்கூடத் தேறாத ஒரு போர்டு. புகார் நடந்துகொண்டிருப்பதால் கடைப் பெயரைப் போடவில்லை. ஆனால் இதே மாதிரிப் பெட்டி வேறு கடைகளிலும் கண்ணில் படுகிறது.

என் செட் பெரிதாக ஒன்றுமில்லை. வைஃபையில் பாட்டை இழுத்து வாசிக்கும் ஒரு சின்ன ஸ்ட்ரீமிங் ஆம்ப்ளிஃபையர், ஐந்து இன்ச் ஊஃபர் வைத்த ஒரு ஜோடி புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர், அவ்வளவுதான். வீட்டில் அதிகம் ஓடுவது நாதஸ்வரக் கச்சேரி. நாயனம் அருமையாக வரும், தவிலின் தொப்பிப் பக்கம் மட்டும் அட்டைப்பெட்டியைத் தட்டுகிற மாதிரி இருக்கும். கோயில் வாசலில் நின்று கேட்டு வளர்ந்த காதுக்கு அது பத்தவில்லை. ஆம்ப்ளிஃபையரின் பின்னால் 'சப் அவுட்' சாக்கெட் சும்மாதானே கிடக்கிறது என்று கடைக்குப் போனேன்.

கடையில் போட்டுக் காட்டியபோது கண்ணாடிக் கதவே அதிர்ந்தது. பக்கத்தில் ஆளுயர டவர் ஸ்பீக்கர் இரண்டும் சேர்ந்து ஓடிக்கொண்டிருந்தன; அதை நிறுத்திவிட்டு இதை மட்டும் போடுங்கள் என்றதற்கு, "எல்லாம் ஒரே ஆம்ப்ல மாட்டியிருக்கு சார், கழட்டினா நேரமாகும்" என்று பதில். பில் கேட்டேன். "பில் போட்டா 18 பர்சன்ட் ஜிஎஸ்டி கூட வரும் சார், ஆடிட்டர் வந்ததும் அனுப்பிடுறோம்" என்று சொல்லி, கால்தாளில் எஸ்டிமேட் எழுதிக் கொடுத்தார்கள். பணம் போனது கடைப் பெயருக்கு இல்லை, யாரோ ஒருவருடைய சொந்த நம்பருக்கு.

மாட்டிக் கொடுக்க வந்த பையன் செய்யப் பார்த்த வேலைதான் வயிற்றைக் கலக்கியது. சப் அவுட்டில் மாட்டாமல், ஸ்பீக்கர் டெர்மினலில் இருந்து ஒயர் இழுத்து, இரண்டு கறுப்பு முனையையும் ஒன்றாக முறுக்கப் போனான். இந்தக் காலத்துச் சின்ன கிளாஸ்-டி ஆம்ப்ளிஃபையர்கள் பலவற்றில் கறுப்பு முனை எர்த் இல்லை, அதிலும் சிக்னல் ஓடும். இரண்டையும் சேர்த்தால் ஆம்ப்ளிஃபையரே போய்விடலாம். கையைப் பிடித்துத் தடுத்தேன். "ஃபங்ஷன்ல எல்லாம் இப்படித்தான் சார் அடிப்போம்" என்று முறைத்துக்கொண்டு போனான்.

நானே சப் அவுட்டில் மாட்டி, ஆப்பில் கிராஸ்ஓவரை (எந்தத் தொனிக்குக் கீழே உள்ளது சப்வூஃபருக்குப் போக வேண்டும் என்ற எல்லை) 80 ஹெர்ட்ஸில் வைத்து ஓட்டினால், முதலில் கேட்டது பாட்டு இல்லை, 'ம்ம்ம்' என்ற இரைச்சல். கடைக்குப் போன் போட்டால், "கிராமத்துக் கரண்ட் அப்படித்தான் சார், பம்ப்செட் ஓடுற நேரமா இருக்கும்." சரி என்று, ஆம்ப்ளிஃபையரில் இருந்து பாட்டு வரும் ஆர்சிஏ ஒயரைப் பிடுங்கிவிட்டு, கரண்ட் ஒயர் மட்டும் இருக்கும்படி வைத்துப் பார்த்தேன். அப்போதும் அதே இரைச்சல். உள்ளே வரும் ஒயரைக் கழற்றிய பிறகும் இரைகிறது என்றால் கோளாறு பெட்டிக்குள்தான். கும்பகோணம் டவுனில் ஒரு நண்பர் வீட்டிலும் அப்படியே இரைந்தது, அங்கே ஏது பம்ப்செட்?

அடுத்து மொபைலில் இருந்து நேராக ஆக்ஸ் ஒயர் கொடுத்துச் சப்வூஃபரை மட்டும் ஓட்டினேன். பின்பக்கம் கிராஸ்ஓவர் நாப் 40-இல் இருந்து 160 வரை அச்சிட்டிருக்கிறது, எங்கே திருகினாலும் பாடகர் குரல் தெளிவாக வருகிறது. குரல் வந்தால் அது சப்வூஃபரா? டோன் ஜெனரேட்டர் ஆப்பில் 60 ஹெர்ட்ஸ் போட்டால் ஏதோ முனகியது. 40 போட்டால் ஓட்டை வழியாகக் காற்று மட்டும் வந்தது.

திருவிடைமருதூர் பக்கம் மைக்செட் ஆம்ப்ளிஃபையர் சர்வீஸ் பார்க்கும் பெரியவர் ஒருவரிடம் தூக்கிக்கொண்டு போனேன். திறந்தார். கிராஸ்ஓவர் நாப்பின் மூன்று காலிலும் ஒயரே இல்லை, ஈயம்கூடத் தொட்ட தடமில்லை. ஒலி அலையைத் திருப்பிப் போடும் ஃபேஸ் சுவிட்சும் அப்படியே. டிரான்ஸ்ஃபார்மர் 12-0-12 வோல்ட், 3 ஆம்பியர்; மொத்தம் 24 வோல்ட்டை 3 ஆம்பியரால் பெருக்கினால் 72 வாட், அவ்வளவுதான் மொத்தமே உள்ளே வரும், அதில் இருந்து 300 எப்படி வெளியே போகும்? போர்டில் டிடிஏ2030 என்ற ஆம்ப்ளிஃபையர் ஐசி (சிப்) இரண்டு. அந்த ஐசியின் டேட்டாஷீட்டிலேயே (தயாரிப்பாளர் தரும் விவரத்தாள்) 4 ஓம் ஸ்பீக்கருக்கு 14 வாட் என்றுதான் இருக்கிறது. ஸ்பீக்கரின் காந்தத்தில் தடிமனான ரப்பர் உறை. உருவினால் பாதி அளவுக்குத்தான் காந்தம், மீதி இடத்தில் எடை காட்ட ஓர் இரும்பு வட்டு. பெரியவர் அந்த நாப்பைப் பிடித்து இரண்டு சுற்றுச் சுற்றி, "பேரப்புள்ள விளையாடக் குடுங்க தம்பி" என்றார்.

கடையில் காட்டியதும் ஒரே வார்த்தை: "நீங்க திறந்துட்டீங்க, வாரன்டி போச்சு." சுவரில் 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது' என்ற போர்டு வேறு. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் கொடுக்காததே முறையற்ற வணிகம். பில்லில் கெடு எதுவும் போடாதபோது, குறையுள்ள பொருளை 30 நாளுக்குள் திரும்ப வாங்க மறுப்பதும் அப்படியே. இதைச் சொன்னதற்கு, "கோர்ட்டுக்குப் போங்க சார், நாங்க பாக்காததா" என்றார்கள். போக வேண்டியதுதான். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்து புகாரைப் பதிந்துவிட்டேன், தமிழிலேயே பேசலாம். அதில் நடக்காவிட்டால் நாம் குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், கடை இருக்கும் ஊருக்கு அலைய வேண்டாம். கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் கிடையாது.

வாங்கப் போகிறவர்கள் கையோடு ஓர் ஆக்ஸ்-ஆர்சிஏ ஒயர் எடுத்துப் போங்கள். மற்ற ஸ்பீக்கரை எல்லாம் நிறுத்தச் சொல்லி, இதை மட்டும் ஓட்டி, நாப்பைத் திருகிப் பாருங்கள். குறைக்கக் குறைக்கக் குரல் மறைய வேண்டும். மறையாவிட்டால் கிளம்பிவிடுங்கள். வாட் எவ்வளவு என்று ஸ்டிக்கரைப் பார்ப்பதைவிட, பின்பக்கத்து ஃபியூஸும் கரண்ட் எவ்வளவு இழுக்கும் என்று போட்டிருப்பதும் உண்மைக்குக் கொஞ்சம் பக்கத்தில் இருக்கும். பிஎம்பிஓ (ஒரு கணம் மட்டும் எட்டும் உச்சம் என்று விளம்பரத்துக்குப் போடும் வாட்) என்று எழுதியிருந்தால் அந்த எண்ணை மறந்துவிடுங்கள்.

புகார் போனதும் கடையில் இருந்து ஓர் அழைப்பு: பெட்டியைக் கொடுத்துவிட்டு 5,000 வாங்கிக்கொள்ளலாமாம். முழுப் பணமும் வேண்டும், எழுத்தில் வேண்டும் என்று சொல்லிவிட்டேன். திறந்தபோது எடுத்த படங்கள் எல்லாம் இருக்கின்றன. இதே பெட்டியை வாங்கியவர்கள் வேறு யாராவது இருந்தால், அந்த எஸ்டிமேட் சீட்டையும் பணம் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டையும் பத்திரமாக வைத்துக்கொண்டு எனக்குத் தகவல் சொல்லுங்கள், சேர்ந்தே வழக்குப் போடலாம்.